மூன்றடி ஏரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். போனில் இங்கே ஒரு ஏரி இருக்கிறது என்று சொன்னதும், "எத்தனை மடை? எவ்வளவு ஆயக்கட்டு?" என்று கேட்டீர்கள். அதற்குள் லைன் போய்விட்டது. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

வயலுக்குப் போகிற மடை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை அப்பா. விளையாடுவதற்காகவே வெட்டிய ஏரி இது! ஊர் பெயர் தோர்ப்னெஸ், இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில் இருக்கிறது. முன்பு மீனவர்கள் இருந்த குக்கிராமம். ரயில் பாதை போட்டுச் சம்பாதித்த குடும்பத்தில் வந்த ஆகில்வி என்பவர், இதை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கான ஊராக மாற்றிக் கட்டினார். ஏரியை 1913இல் திறந்தார்கள். சுமார் 60 ஏக்கர், ஆழம் மூன்றடிதான். பிள்ளைகள் தவறி விழுந்தாலும் எழுந்து நின்றுகொள்ளலாம். பீட்டர் பேன் கதை எழுதிய ஜே.எம்.பேரி ஆகில்விக்கு நண்பர். அதனால் ஏரிக்குள் இருக்கும் திட்டுகளுக்கு அந்தக் கதையில் வரும் பெயர்கள். ஒரு திட்டில் முதலை பொம்மைகூட உண்டு.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், சிரிப்பாள். ஊருக்குத் தண்ணீர் தர உயரத்தில் ஒரு தொட்டி வேண்டியிருந்தது. அது கண்ணுக்கு அசிங்கமாக இருக்கும் என்று, 1923இல் தொட்டியைச் சுற்றிக் கூரையும் ஜன்னலும் வைத்து வீடு போலவே ஆக்கிவிட்டார்கள். கீழே கோபுரத்தில் நிஜமாகவே ஆட்கள் குடியிருந்தார்கள். பஞ்சாயத்துத் தொட்டிக்கு நாம் சுண்ணாம்பு அடிக்கவே எத்தனை மனு எழுதினோம்!

போன ஞாயிறு ஷிப்ட் இல்லை. உங்கள் பேரனைத் துடுப்புப் படகில் கூட்டிப் போனேன். நடு ஏரியில் துடுப்பை நழுவவிட்டான். சரி, மூன்றடிதானே என்று இறங்கினேன். கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்தது. இழுக்க இழுக்க ஒரு வாசனை வந்தது பாருங்கள், கோடையில் நம் கண்மாயில் வண்டல் அள்ளும்போது வருமே, அதே வாசனை. துடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். "அம்மா, மாட்டிக்கொண்டாயா?" என்று அவன் கத்தினான். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது, இரண்டு நாள் தும்மல்.

ஐப்பசி வரப்போகிறது. கீழ மடையின் பலகையை மாற்றினார்களா? போன வருஷம் மாதிரி சாக்கை வைத்து அடைத்துவிட்டுப் போய்விடப் போகிறார்கள். இந்தத் தடவை கண்மாய் நிறைந்து தண்ணீர் கலுங்கு தாண்டினால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பேரன் பார்க்க வேண்டும்.

உங்கள் மகள்