அந்த உறைக்கு எட்டு மூலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அயர்லாந்து ராக் இசைக்குழுவான ஹார்ஸ்லிப்ஸின் முதல் ஆல்பத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். முதலில் அதற்கு நன்றி, அந்தப் பெயரைத் தமிழில் அச்சில் பார்த்ததே எனக்கு இதுதான் முதல் தடவை. ஆனால் அதே பத்தியில் "பழைய அயர்லாந்து மெட்டுகளுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் பூச்சு" என்று ஒரு வரி வருகிறதே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. பூச்சா?

'ஹாப்பி டு மீட், சாரி டு பார்ட்' 1972 கடைசியில் வந்தது. அந்தத் தலைப்பே பழைய ஜிக் நடன மெட்டு ஒன்றின் பெயர்தான். பூச்சு என்றால் மெட்டு ஒரு பக்கம், ராக் ஒரு பக்கம் என்று தனித்தனியாக இருந்திருக்க வேண்டும். இங்கே சார்ல்ஸ் ஓ'கானர் கையில் பிடில், மாண்டலின், கன்சர்ட்டினா என்கிற கையடக்கத் துருத்தி வாத்தியம் மூன்றும் மாறி மாறி வருகின்றன, கீபோர்டு வாசிக்கிற ஜிம் லாக்ஹார்ட்தான் புல்லாங்குழலும் டின் விசில் என்ற சின்னக் குழலும் ஊதுகிறார். விருந்தாளியாக யாரையும் வெளியிலிருந்து கூப்பிடவில்லை, எல்லாம் குழுவுக்குள்ளேயே. இன்னொரு அயர்லாந்து ராக் குழுவான தின் லிஸ்ஸியின் 'விஸ்கி இன் தி ஜார்' வந்ததும் அதே வருடம்தான், எனக்கும் பிடிக்கும், ஆனால் அது பழைய பாட்டு ஒன்றை எடுத்து ராக் பாணியில் பாடியது. இவர்கள் கை வைத்தது ஆடுவதற்கான மெட்டுகளில். அது வேறு வேலை. ரீல் என்ற நடன மெட்டு மூச்சு விடாமல் ஓடும், ஜிக் மும்மூன்றாகத் துள்ளும், ராக் டிரம்மோ இரண்டாவது தட்டிலும் நான்காவது தட்டிலும் ஓங்கிப் போடும். அந்த டிரம்மை மெட்டின் மேல் அப்படியே போட்டால் ஓடுகிறவன் காலைத் தட்டிவிட்டது மாதிரி இருக்கும். 'தி மியூசிக்கல் ப்ரீஸ்ட்' என்ற ரீலை ஹெட்ஃபோன் போட்டு ஒரு தடவை கேளுங்கள், ஈமன் காரின் டிரம்ஸ் எங்கேயாவது மெட்டின் காலை வாருகிறதா?

சரி, எல்லாமே பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. 'டான்ஸ் டு யர் டாடி' எனக்கு ஒட்டவே இல்லை. அது வடக்கு இங்கிலாந்துப் பாட்டு வேறு. அப்புறம் 'ஸ்கேலோவே ரிப்பாஃப்' என்ற பெயரில் வரும் ஸ்கேலோவே ஷெட்லாந்து தீவில் இருக்கிறது, 'அன் ப்ரதக் பான்' ஸ்காட்லாந்தின் கேலிக் பாட்டு. ஆக, சுத்தமான அயர்லாந்து ஆல்பம் என்றும் இதைச் சொல்லிவிட முடியாது. 1738இல் இறந்துபோன பார்வையற்ற யாழ்க்கலைஞர் கேரலனின் மெட்டும் ஒன்று இருக்கிறது, அதில் யாரும் சத்தம் போடவில்லை. எங்கே அடங்க வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது பையன்களுக்கு.

"பீர் விளம்பரத்துக்காகக் கூட்டிய கும்பல்" என்று எழுதியிருந்ததையும் சொல்ல வேண்டும். பேஸ் கிட்டார் வாசிக்கிற பாரி டெவ்லின், கார், ஓ'கானர் மூவரும் டப்ளினில் ஒரே விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள், ஒரு பீர் விளம்பரத்தில் இசைக்குழுவாக நடித்தார்கள், அது உண்மை. இதில் என்ன கேவலம்? அந்தப் புத்தி இருந்ததால்தானே லண்டனுக்கு ஓடாமல் ஓட்ஸ் என்று சொந்த இசைத்தட்டு லேபிள் தொடங்கினார்கள், ரோலிங் ஸ்டோன்ஸின் ஒலிப்பதிவு வண்டியை டிப்பரரியில் லாங்ஃபீல்ட் ஹவுஸ் என்கிற பழைய மாளிகைக்கே வரவழைத்துப் பதிவு செய்தார்கள். கிட்டார் கலைஞர் ஜானி ஃபீன் ஆரம்பத்திலிருந்தே இருந்ததாகவும் போட்டிருக்கிறீர்கள். இல்லை, அவர் ஆல்பம் வந்த 1972இல்தான் சேர்ந்தார். 2023இல் காலமானார்.

நான் இருப்பது டப்ளினில். எங்கள் அலுவலகத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒருவரிடம் ஹார்ஸ்லிப்ஸ் என்று சொன்னதுதான் தாமதம், மேசையில் விரலால் 'டியரக் டூம்' தாளத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். அது அடுத்த ஆல்பத்தில் வந்த பாட்டு, 1973. பழைய அணிநடை மெட்டு ஒன்றை கிட்டாரில் போட்டது, 1990 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு அயர்லாந்து அணிக்காக வந்த பாட்டில் அதே கிட்டாரை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். பூசியது என்றால் இத்தனை வருடத்தில் உதிர்ந்திருக்காதா?

கடைசியாக ஒன்று. நீங்கள் போட்ட அட்டைப் படம் சதுரமாக இருக்கிறது. அசல் உறை கன்சர்ட்டினாவின் பக்கவாட்டு மாதிரி எட்டு மூலையாக வெட்டியது. பழைய இசைத்தட்டுக் கடையில் நான் வாங்கிய பிரதியில் மூன்று மூலை மடங்கி நைந்துபோயிருக்கிறது, அலமாரியில் மற்ற தட்டுகளோடு வரிசையில் நிற்காமல் உருண்டு உருண்டு வரும். மூலைகளில் கறுப்பை நிரப்பி யாரோ சதுரமாக்கிய படம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அடுத்த இதழில் ஒரு ஓரத்தில் சின்னதாகவாவது சரியான படத்தைப் போடுங்கள். வேண்டுமானால் என் பிரதியைப் படம் எடுத்து அனுப்புகிறேன், மடங்கிய மூலைகளோடு.

இப்படிக்கு,
டப்ளினிலிருந்து ஒரு வாசகர்