ஸ்டூடியோவில் நடந்தது

நாகர்கோவில்

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று எழுதியிருந்த பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உன் பேத்தியின் பெயர் சூட்டு விழாவுக்கு வர முடியாததற்கு என் மனைவி இன்னும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கிறது.

என் மைத்துனரின் ஸ்டூடியோ விஷயத்தில் ராஜேந்திரன் உன்னிடம் சொன்னதில் பாதிதான் உண்மை. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ஒரு நிரல் ஸ்டூடியோ கணினியில் நுழைந்தது நிஜம். யாரும் அவரைக் குறிவைத்துத் தாக்கவில்லை. பத்து லட்சமும் கேட்கவில்லை. கேட்டது 980 டாலர்; 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். ஆடித் தள்ளுபடி போல. நம்பிக்கை வருவதற்காக ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுகிறோம் என்றும் எழுதி வைத்திருந்தார்கள். 1989-இல் எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று ஃபிளாப்பிகளைத் தபாலில் அனுப்பி, கணினியை முடக்கிவிட்டு, பிறகு 189 டாலரைப் பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு அனுப்பச் சொன்ன கதையை நாம் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய காலத்தில் சிரித்துக்கொண்டே பேசியது நினைவிருக்கிறதா? அதன் பேரப்பிள்ளைதான் இது. ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் இந்த வகையைச் சொல்கிறார்கள். பெரிய நிறுவனங்களை இது தேடிப் போவதில்லை. விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை ‘கிராக்’ செய்து இலவசமாகப் பயன்படுத்த நினைக்கும் வீடுகளையும் சின்னக் கடைகளையும் நம்பியே பிழைக்கிறது.

ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் பையன் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் ஒரு மென்பொருளுக்கு அப்படி ஒரு கிராக்கை இறக்கினான். ஜிப் கோப்புக்குக் கடவுச்சொல் இருந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருள் உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி வைத்த பூட்டு அது. நிறுவுவதற்கு முன் தடுப்பை அணைத்துவிடுங்கள் என்று குறிப்பும் இருந்தது. பையன் சொன்னபடி செய்தான். விண்டோஸ் புதுப்பிக்கப்படுகிறது என்று ஒரு சாளரம் வந்து சதவீதம் ஏறிக்கொண்டே போனது. அவன் டீ குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தபோது எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. எந்தக் கோப்புறையைத் திறந்தாலும் அந்த மிரட்டல் கடிதம்.

பதறிப்போய் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம் என்று பென்டிரைவைச் செருகியிருக்கிறான். அதுவும் பூட்டிக்கொண்டது. இந்த நிரல் ஒருமுறை ஓடி முடித்ததோடு போவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத் தானே எழுப்பிவிட்டுக்கொள்ள விண்டோஸிலேயே ஒரு ஏற்பாடு செய்துவைக்கிறது. வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் தளங்களைத் திறந்து பார்த்தால் ஒன்றும் வரவில்லை. இணைப்பில் கோளாறு என்று நினைத்தார்கள். எந்தத் தளத்துக்கு எந்த முகவரி என்று விண்டோஸ் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தத் தளங்களின் பெயர்களை எழுதி வழியை அடைத்திருந்தது இதே நிரல்தான்.

என்னைக் கூப்பிட்டபோது பக்கத்துச் சர்வீஸ் கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று ஸ்குரூடிரைவருடன் உட்கார்ந்திருந்தார். அழிக்கத்தான் வேண்டும், ஆனால் அப்போது அல்ல. இணையக் கம்பியைப் பிடுங்கி, கணினியை அணைத்து, ஹார்டு டிஸ்கைக் கழற்றி ஒரு கவரில் போட்டு பீரோவில் வைக்கச் சொன்னேன். வேறு புதிய டிஸ்க் வாங்கினோம். பூட்டப்பட்ட கோப்புகளும் அந்த மிரட்டல் கடிதமும் பத்திரமாக இருந்தால்தான் பின்னால் சாவி கிடைத்தாலும் பயன்படும்.

சாவி விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த நிரல் முதலில் தன் எஜமானரின் சர்வரைத் தொடர்புகொண்டு இந்தக் கணினிக்கென்று தனிச் சாவி கேட்கிறது. இணைப்பு கிடைக்காவிட்டால் தன்னோடு கொண்டுவந்த பொதுச் சாவியைப் போட்டுப் பூட்டிவிடுகிறது. அப்படிப் பூட்டியிருந்தால் மிரட்டல் கடிதத்தில் உள்ள அடையாளக் குறியீடு ‘டி1’ (t1) என்று முடியும். என்றாவது அந்தப் பொதுச் சாவி வெளியே வந்தால் எம்சிசாஃப்ட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனத்தின் இலவசக் கருவியால் திறந்துவிடலாம். 2019 அக்டோபரில் அந்தக் கருவி வெளிவந்தபோது இந்தக் குடும்பத்தின் 148 வகைகளுக்கு அதில் வழி இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டுக்குப் பிறகு வந்தவற்றில் பூட்டு உறுதியானது. பொதுச் சாவி மட்டுமே வழி. மைத்துனருடைய குறியீடு டி1 என்று முடியவில்லை. தினமும் மாலையானால் படுத்துவிடும் அவருடைய இணைய இணைப்பு அன்றைக்கு மட்டும் நன்றாக வேலை செய்திருக்கிறது, பார்!

பணம் கொடுத்துவிடலாமா என்று அவர் தவித்தார். நான் வேண்டாம் என்றேன். ஆனால் கொடுப்பவனைக் கோழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பொதுச் சாவிகள் எம்சிசாஃப்டுக்கு எப்படிக் கிடைக்கின்றன என்று நினைக்கிறாய்? பணம் கட்டிச் சாவி வாங்கிய யாரோ ஒருவர், மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அனுப்பி வைக்கிறார். கொள்ளையருக்குப் பணம் போனதும் அதே கையால்தான், நூறு பேருக்கு வழி திறந்ததும் அதே கையால்தான்.

சாவி இல்லாமலே கிடைத்தவற்றைக் கேள். இந்த நிரலுக்கு அவசரம் அதிகம். எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டும் குழப்பிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். கல்யாண வீடியோ ஒன்று பல ஜிபி இருக்கும். அதில் 150 கிலோபைட் எந்த மூலைக்கு? டிஸ்க்டூனா வெளியிட்ட மீடியா ரிப்பேர் என்ற இலவசக் கருவியிடம், அதே கேமராவில் எடுத்த சேதமில்லாத ஒரு வீடியோவை மாதிரியாகக் காட்டினோம். தாலி கட்டும் காட்சிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தொடக்கத்தில் ஏதோ ஒரு கணம் போயிருக்கலாம், பார்ப்பவர்களுக்குத் தெரியாது. படங்களில் ஒரு பகுதி கேமராவின் மெமரி கார்டுகளில் இருந்தே கிடைத்தது. அவசர ஃபார்மட் மட்டும் செய்து, புதிதாக எதுவும் எடுக்காமல் கிடந்த கார்டுகள்; ஃபோட்டோரெக் நிரல் அவற்றைத் துருவி எடுத்துவிட்டது.

போனது எல்லாம் சின்னக் கோப்புகள்தான். பில்கள், வாடிக்கையாளர் தொலைபேசிப் பட்டியல், அழைப்பிதழ் வாசகங்கள். ஆல்பம் வடிவமைப்புகள் அளவில் பெரியவை என்றாலும் திறக்கவில்லை. படத்தின் அளவும் நிறமுறையும் கோப்பின் தலையில்தான் எழுதியிருக்கும், தலைதான் இல்லையே. யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கும் அதோடு போனது. ஊரில் சிலருக்கு அது மிகவும் சந்தோஷமான செய்தி.

இவ்வளவையும் விட என்னைக் கவலைப்பட வைத்தது வேறு. இந்தப் பூட்டுக்காரன் தனியாக வருவதில்லை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் இன்னொரு நிரலையும் கூடவே அழைத்து வருவது வழக்கம். கோப்புகள் போனது கண்ணுக்குத் தெரிந்தது, இது தெரியவில்லை. மறுநாள் காலை ஸ்டூடியோவின் விளம்பரப் பக்கத்தில் யாரோ டிஜிட்டல் நாணயம் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஓடிபி வரவே இல்லையே, எப்படி நுழைந்தான் என்று மைத்துனர் கேட்டார். ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும் உலாவியின் குக்கீயை, அதாவது அந்த உள்நுழைவுச் சீட்டைத் தூக்கிக்கொண்டு போனவனிடம் ஓடிபி யார் கேட்கப்போகிறார்கள்? என் தங்கையின் கைபேசியில் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்கிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும்படி செய்து, அதன் பிறகு கடவுச்சொல்லை மாற்றினோம். நோய் பிடித்த கணினியிலேயே மாற்றியிருந்தால் புதியதையும் அவனிடமே கொடுத்தது போலாகியிருக்கும். மின்னஞ்சலை முதலில் முடித்தோம், மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் வாசல் அதுதான். பிறகு வங்கி. சைபர் குற்றத் தளத்திலும் புகார் கொடுத்து எண் வாங்கி வைத்திருக்கிறார். வங்கியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைத்திருக்க வேண்டும். நல்லவேளை, போகவில்லை.

கணினியை மீட்டது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என் மடிக்கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை இறக்கி, புதிய டிஸ்கில் போட்டோம். முறையாக வாங்கிய விண்டோஸ் என்பதால் மதர்போர்டை அடையாளம் கண்டு உரிமத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. வைரஸை மட்டும் நீக்கிப் பழைய விண்டோஸையே ஓட்டலாமே என்று சர்வீஸ் கடைக்காரர் கடைசி வரை வாதாடினார். எதை எதை மாற்றி வைத்திருக்கிறது என்று தெரியாத ஒன்றில் உட்கார்ந்து வங்கிக் கணக்கைத் திறக்க என் கைக்கு வராது. ஆல்ப மென்பொருளை இப்போது மாதச் சந்தாவில் வாங்கியிருக்கிறார். பையனை வேலையை விட்டு அனுப்பவில்லை. நான்தான் பரிந்து பேசினேன். கிராக் போட்டுத் தரச் சொன்னது முதலாளிதான் என்பது அவருக்கும் தெரியும்.

இப்போது உன் சங்கதி. திரையின் மூலையில் உங்கள் கணினியில் ஐந்து வைரஸ் என்று அடிக்கடி எழும்புவதாக எழுதியிருந்தாய். நீ விவரித்ததைப் பார்த்தால் அது வைரஸே இல்லை என்று தோன்றுகிறது. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டபோது அனுமதி என்று தட்டியிருப்பாய். உலாவியின் அமைப்புகளில் அறிவிப்புகள் என்ற இடத்தில் தெரியாத தளங்களின் பெயர்களை நீக்கிவிடு. அதில் காட்டும் தொலைபேசி எண்ணை மட்டும் அழைத்துவிடாதே. உதவி செய்கிறேன் என்று உன் திரையைத் தூரத்திலிருந்தே கையில் எடுத்துக்கொள்வார்கள். நீக்கிய பிறகும் வந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் என்று இருக்கிறது. அதை ஓடவிடு, கணினி தானே அணைந்து எழும், சுமார் 15 நிமிடம் பிடிக்கும், பயப்படாதே.

அதற்கும் சரியாகவில்லை என்றால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தை மாதம் இங்கே வந்துவிடு. மருத்துவர் ரயில் பயணத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டாரா என்று எழுது. கீழ்ப் படுக்கைக்கு இப்போதே முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

அன்புடன்,
கணேசன்