மலருக்குப் பணம் தேடும் படலம்

சுங்கை சிப்புட்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் மலருக்குச் சிந்தோக்கில், உத்தாரா மலேசியா பல்கலைக்கழகத்தில், வணிக நிர்வாகம் படிக்க இடம் கிடைத்த சேதியை அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரி கோயிலில் அர்ச்சனையும் செய்துவிட்டாள். இங்கே நாம் ஓடித் திரிந்த பால்மரக் காடெல்லாம் செம்பனையாகி வெகுகாலமாச்சு. லயத்துச் சனம் பாதி ஈப்போ பக்கம் குடிபோய்விட்டது. எனக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை. சரி, அவள் படிப்புக்குப் பணம் எங்கே தேடுவது என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

பிடிபிடிஎன், அதான் அரசாங்கத்தின் உயர்கல்வி நிதி, இருக்கும்போது வேறெதற்கு அலைய வேண்டும் என்கிறாய். அது கடன்டா. வருசத்துக்கு 1 விழுக்காடுதான் என்றாலும் வேலைக்குப் போனதும் பிள்ளை தலையில்தான் விடியும். முதல் வகுப்பில் தேறினால் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று ஒரு சலுகை உண்டு. அதன் நிபந்தனை அவ்வப்போது மாறுகிறது, அதை நம்பிக் கணக்குப் போடாதே. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் அவ்வளவு கடிக்காது. விடுதி, சாப்பாடு, மடிக்கணினி, ஜோகூரிலிருந்து கெடா மேல்கோடிக்குப் பஸ் காசு, இவைதான் ஆளை முழுங்கும். அதனால் திருப்பித் தர வேண்டாத பணம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் முதலில் அதற்கு மனுப்போடுங்கள்.

முதல் வேலையாக உன் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திற. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960இல் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே, நம் பெரியவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். உறுப்பினர் பிள்ளைகளின் படிப்புக்குச் சங்கம் உதவி செய்கிறது. பங்கு இன்னும் உன் அப்பா பெயரில்தான் இருக்கிறதா, பேத்திக்கு எடுபடுமா என்று ஃபோன் போட்டுக் கேள். அப்புறம் மலர் ஜோகூரில் பிறந்தவள், மாநிலத்தின் கல்வி அறவாரியமான யயாசான் பெலஜாரான் ஜோகூரையும் விடாதே. பெரிய கம்பெனிகளின் உபகாரச் சம்பளம் என்றால் வேலை ஒப்பந்தம் எத்தனை வருசம் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல். பாரம் நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்கிறவன் வாசலுக்கு வந்தால் தண்ணி கொடுத்து அனுப்பிவிடு.

மனுவோடு வைக்க எழுதியதென்று மலர் வாட்சாப்பில் அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். தமிழோ மலாயோ, பிள்ளை நன்றாகத்தான் எழுதுகிறாள். ஆனால் முதல் பக்கம் முழுக்க ஏழைக் குடும்பம், அப்பா லோரி ஓட்டுகிறார் என்றே போகிறது. உதவிப் பணம் தருகிறவர்கள் மேசைக்கு வருகிற மனுவெல்லாம் அப்படித்தான் தொடங்கும். வருமானத்துக்கு உன் சம்பளச் சீட்டு சாட்சி சொல்லும், கட்டுரையில் எதற்கு அழுகை? பாசார் மாலாம் இரவுச் சந்தையில் முறுக்கு விற்றாளே, அது எங்கே? போன தீபாவளிக்கு வந்தபோது அந்த 555 கணக்குப் புத்தகத்தைக் காட்டினாள். எண்ணெய் விலை ஏறியதும் பாக்கெட்டைச் சின்னதாக்கியிருக்கிறாள். வழக்கமாக வாங்கும் மலாய் அம்மாமார் இரண்டு பேர் வரவில்லை. அடுத்த வாரம் பழைய அளவுக்கே போட்டு, இரண்டு பாக்கெட் சேர்த்து எடுத்தால் 50 காசு குறைவு என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள். விற்றது, மிஞ்சியது, மாவுக்கடைக் கடன் எல்லாம் பென்சிலில். அவள் படிக்கப் போகிற படிப்பே அதுதானே! அதை முதல் பத்தியில் போடச் சொல். ஏழ்மை ஒரு வரி போதும்.

இன்னொன்று. மலரின் பிறப்புப் பத்திரத்தில் உன் பெயர் ஒரு மாதிரி, உன் அடையாள அட்டையில் ஒரு மாதிரி இருக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கடைசி நாளில் அது காலை வாரிவிடும். இப்போதே சத்தியப் பிரமாண ஆணையரிடம் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு பத்திரம் எழுதி வாங்கு. சான்றளித்த நகல்களை ஒரே தடவையில் நாலைந்து செட்டாக எடுத்துவை.

உதவிப் பணம் கைக்கு வர எப்படியும் இழுக்கும். முதல் செமஸ்டருக்கு உன் ஈபிஎஃப் சேமநிதி இருக்கிறது. 2024 மே மாதம் கணக்கை மூன்றாகப் பிரித்தார்களே, அதில் பிள்ளை படிப்புக்கு எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து. இடம் கிடைத்த கடிதம் வேண்டும். பிடிபிடிஎன்னுக்கும் மனுப்போட்டு வை, வேண்டாமென்று சொல்லவில்லை. வரிசையில் அது கடைசி, அவ்வளவுதான்.

திருத்திய கட்டுரையை ஞாயிற்றுக்கிழமைக்குள் பெரியப்பாவுக்கு அனுப்பச் சொல். மலாயை என் மருமகள் பார்த்துக் கொடுப்பாள், டீச்சராயிற்றே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். உன் சர்க்கரை எவ்வளவு என்று போன கடிதத்திலேயே கேட்டேன், அதற்கு மட்டும் பதிலே இல்லை.

அன்புடன்,
மாரிமுத்து