கீரிமலைக் கேணியின் அடியில் கண்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவிலிருந்து வந்த மகளின் குடும்பத்தோடு போன ஞாயிறு யாழ்ப்பாணக் கடற்கரையிலுள்ள கீரிமலைக்குப் போயிருந்தோம். பேரன் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கொண்டு வந்திருந்தான். ஆண்கள் கேணியில் அவன் குப்புற மிதந்ததைப் பார்த்துப் பக்கத்தில் குளித்தவர்கள் முதலில் பதறி, அப்புறம் சிரித்தார்கள். மகளும் பேத்தியும் பெண்கள் கேணிக்குப் போய்விட்டார்கள்.

"தாத்தா, கடல் இவ்வளவு கிட்ட. ஏன் தண்ணி உப்பில்லை?" என்றான். நம்ம யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் இறங்கி, பாரம் குறைந்ததால் உப்புநீருக்கு மேலே தங்கி, கரையோரம் ஊற்றாக வருகிறது என்றேன். நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர்தான். முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன், விடுவேனா!

பிறகு கண்ணாடியை வாங்கி நானும் குனிந்து பார்த்தேன். அறுபத்தெட்டு வயதில் இது முதல்தடவை. வெளிச்சம் கல்லில் நெளிந்தது அழகுதான். ஆனால் அடியில் ஷாம்பு பைக்கற்றுகள், ஒரு சவர்க்காரத் துண்டு, அறுந்த செருப்பு. பேரன் நான்கு பைக்கற்றுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, எங்கே போடுவது என்று கேட்டான். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் குப்பைத்தொட்டி இல்லை. காரில்தான் கொண்டு வந்தோம்.

ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்யச் சனம் திரளும் இடம் இது. கேணிப் படியருகே இரண்டு தொட்டியும், சவர்க்காரம் போடாதீர்கள் என்றொரு பலகையும் வைக்கப் பொறுப்பானவர்களுக்குப் பெரிய செலவாகாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சுன்னாகம்