என்னைக் கேட்டுச் செய்தவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு வணக்கம்.

நான் கடைசியாக மருத்துவமனையில் படுத்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இத்தனை நாளில் உங்களில் ஒருவருக்கும் நான் ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. காத்திருக்கிறோம், பெயரைக் கூப்பிடுகிறார்கள், சீட்டை வாங்கிக்கொண்டு ‘வரேன் டாக்டர்’ என்று எழுந்து வந்துவிடுகிறோம். அந்தக் கடன் மனதில் கிடந்து உறுத்துகிறது. யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் டாக்டர், உங்களுக்கு. உங்களிடம் வருவதற்கு முன் மூன்று ஆண்டுகள் எனக்கு மனச்சோர்வு என்றே வைத்தியம் நடந்தது. வேறு எதையும் விசாரிக்காமல் அதற்கான மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் சோர்வு போனது, கூடவே தூக்கமும் போனது. நாலு ராத்திரி கண்மூடவில்லை. சேமிப்பையெல்லாம் செலவழித்தேன், பேச்சு நிற்கவில்லை. ‘அப்பாடா, குணமாகிவிட்டது’ என்றுதான் நினைத்தேன். அந்த நிலை இறங்கி, மறுபடி எழ முடியாமல் கிடந்தபோது அக்கா உங்களிடம் கூட்டி வந்தாள். அதுவரை யாரும் கேட்காத ஒன்றை நீங்கள் கேட்டீர்கள்: “சோர்ந்து கிடந்த நாட்கள் இருக்கட்டும். ரொம்ப நன்றாக இருந்த நாட்களைப் பற்றிச் சொல்லுங்கள்.”

நோயின் பெயர் பைபோலார், அதாவது மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு என்று அன்றுதான் தெரிந்தது. இந்த நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையைத் துணை மருந்து இல்லாமல் தனியாகக் கொடுத்தால், சிலரை அது எதிர்முனைக்குத் தள்ளிவிடும் என்றீர்கள். சோர்வில் இருக்கும்போதுதான் நாங்கள் டாக்டரைத் தேடி வருகிறோம். உற்சாகத்தில் மிதக்கும்போது யார் வருவார்? அதனால் சரியான பெயர் கிடைக்கவே பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. பழைய சிகிச்சை மேல் எனக்கு இருந்த கோபம், இதைப் புரிந்துகொண்ட பிறகு நிறையக் குறைந்தது.

அப்புறம் ஒரு தாளை எடுத்து நாலு மருந்துகளின் பெயரை எழுதி, பேனாவை என் பக்கம் நீட்டினீர்கள். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று கேட்டு, உண்டு என்றதும் வால்ப்ரோயேட்டை அடிக்கச் சொன்னீர்கள். அது கருவைப் பாதிக்கும். லாமோட்ரிஜின் சோர்வு திரும்பி வராமல் தடுக்க நல்லது, ஆனால் தோலில் ஆபத்தான தடிப்பு வரக்கூடும் என்பதால் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். குவெட்டியாபின் தூக்கம் தரும், எடையும் கூட்டலாம். லித்தியம் பழைய மருந்து, மனநிலையை நிலையாக வைப்பதில் இன்றும் முன்னால் நிற்பது, தற்கொலை ஆபத்தையும் குறைப்பது. ஆனால் ரத்தப் பரிசோதனையை விடக் கூடாது. “எதோடு வாழ முடியும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?” என்றீர்கள். அதற்கு முன் என் சிகிச்சை பற்றி எல்லோரும் என் தலைக்கு மேலேதான் பேசியிருந்தார்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

லித்தியத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949இல் இதைப் பற்றி எழுதினார் என்பதும், நோயாளிகளுக்குத் தருவதற்கு முன் தானே விழுங்கிப் பார்த்தார் என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. இதை வாசிக்கும் வாய்ப்பில்லாத அவருக்கும் ஒரு நன்றி.

ரத்தம் எடுக்கும் ஆய்வக அண்ணனுக்கு. என் நரம்பு அகப்படாது, ஆனால் நீங்கள் ஒருநாளும் இரண்டு முறை குத்தியதில்லை. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் லித்தியம் அளவைப் பார்க்க வேண்டும் என்று, ஒவ்வொரு தடவையும் “நேற்று எத்தனை மணிக்குப் போட்டீங்க?” என்று கேட்பீர்கள். ஒருநாள் நான் மறந்து காலை மாத்திரையையும் விழுங்கிவிட்டு வந்தபோது ஊசியைக் கீழே வைத்துவிட்டு, நாளை வாருங்கள் என்று அனுப்பினீர்கள். எனக்கு 0.6க்கும் 0.8க்கும் இடையில் நிற்க வேண்டிய எண் அது. தப்பான எண்ணைப் பார்த்து மருந்தைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

மருந்துக்கடையில் இருக்கும் அம்மாவுக்கும் ஒரு வரி. மூட்டு வலிக்கு ஐப்யூபுரூஃபன் கேட்டேன். என் பழைய சீட்டு உங்களுக்கு நினைவிருந்தது. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆகாது, சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்து ரத்தத்தில் ஏற்றிவிடும் என்று சொல்லி, டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொன்னீர்கள். வாந்தி, பேதி, கடும் வியர்வை என்றாலும் கவனம் வேண்டும் என்று நீங்கள் சொன்னதை, இதே நோயுள்ளவர்கள் கூடும் எங்கள் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

இனி எழுதக் கடினமான பகுதி. லித்தியம் இருந்தும் ஒரு முறை நான் அடியோடு விழுந்தேன். சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, பேச்சு இல்லை. ஈசிடி, அதாவது ஜனங்கள் ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ என்று பயத்தோடு சொல்லும் மின்னதிர்வு சிகிச்சை தரலாம் என்றார்கள். சினிமாவில் பார்த்ததுதான் என் கண்முன் வந்தது. அன்று ராத்திரிப் பணியில் இருந்த சிஸ்டர், நீங்கள் என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னீர்கள். 1938இல் ரோமில் தொடங்கிய காலத்தில் மயக்க மருந்து கொடுக்காமல் செய்தார்கள், அந்தப் பயம்தான் இன்றும் ஊரில் உலவுகிறது என்றீர்கள். இப்போது மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகுதான் மின்சாரம், அது உண்டாக்கும் வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும், நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அந்த வாரங்களின் நினைவு சில அழிந்துபோகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். “வேண்டாம் என்றால் வேண்டாம், நடுவில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவார்கள்” என்றீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு முறை நடந்தது. நாலாவதுக்குப் பிறகு தாகமாக இருக்கிறது என்று நானே தண்ணீர் கேட்டேனாம். அக்கா சொல்லித்தான் தெரியும், ஏனென்றால் அந்த மாதம் எனக்குப் பாதி நினைவில்லை. ஒரு நெருங்கிய தோழி வந்து பார்த்துவிட்டுப் போனதும் அப்படியே போய்விட்டது. அந்த இழப்பு உண்மை. அதைத் தெரிந்தே ஒப்புக்கொண்டேன் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

என் உளவியலாளருக்கு. மருந்து இருக்கும்போது பேச்சு எதற்கு என்று முதல் நாள் முரண்டு பிடித்தேன். நீங்கள் என் குழந்தைப் பருவத்தைக் கிளறவில்லை. எத்தனை மணிக்கு எழுகிறாய், எத்தனை மணிக்குப் படுக்கிறாய், அன்றைக்கு முதலில் யாரிடம் பேசுகிறாய் என்றுதான் கேட்டீர்கள். இந்த நோய்க்கு நாளின் ஒழுங்கே பாதி மருந்து என்று அப்போது நம்பவில்லை, இப்போது நம்புகிறேன். இரண்டு ராத்திரி தொடர்ந்து தூக்கம் குறைந்து, அதற்கப்புறமும் களைப்பே இல்லையென்றால் அது எனக்கு எச்சரிக்கை மணி. அதைக் கண்டுபிடித்தது நாம் இருவரும் சேர்ந்து எழுதிய குறிப்பேட்டிலிருந்து.

குழுவில் எனக்கு எதிர் நாற்காலியில் உட்காரும் தோழருக்கு. லித்தியத்தால் வரும் கை நடுக்கத்தால் நான் தம்ளரைப் பிடிக்கக் கூச்சப்பட்டபோது, உங்கள் கையையும் நீட்டிக் காட்டினீர்கள். அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அலுவலகத்தில் என் மேலாளருக்கு: முதல் மாதம் அரை நாள் வேலை, ராத்திரி ஷிப்ட் கிடையாது. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை நீங்கள். நன்றி.

கடைசியாக, அக்கா. உனக்கு மடல் எழுதினால் திட்டுவாய் என்று தெரியும். ஆனாலும் இதைச் சொல்ல வேண்டும். நான் நன்றாக இருந்த ஒரு நாளில் நீ ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தாய். “உன்னைக் கேட்க முடியாமல் போகிற நாளில் நான் என்ன செய்ய வேண்டும், இப்பவே சொல்லு” என்றாய். எந்த டாக்டரைக் கூப்பிடுவது, எந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஈசிடிக்குச் சம்மதமா, வங்கி அட்டை யாரிடம் இருக்க வேண்டும், யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லவே கூடாது. ஏழு வரிகள் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். டாக்டரும் ஒரு நகலை என் கோப்பில் வைத்திருக்கிறார். என்னைப் பூட்டி வைக்காமல், கட்டாயப்படுத்தாமல் நீ காப்பாற்றியது அந்த நோட்டை வைத்துத்தான்.

அதில் மூன்றாவது வரியை மாற்ற வேண்டும் அக்கா. ஈசிடிக்குச் சம்மதம் என்று மட்டும் எழுதியிருக்கிறோம். அது நடக்கும் நாட்களில் வருகிறவர்களின் பெயரையும் பேசியதையும் ஒரு தாளில் எனக்காகக் குறித்து வைக்க வேண்டும் என்று சேர்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நோட்டை எடுத்து வை.