கமலாவுக்கு, நீச்சல் வகுப்பு விஷயமாக

தெம்பனிஸ், சிங்கப்பூர்

அன்புள்ள கமலா,

உன் குரல்பதிவைக் கேட்டேன். பின்னால் மிக்ஸி ஓடுகிறது, நடுவில் பால்காரரோடு கணக்கு வழக்கு வேறு. ஆனாலும் விஷயம் புரிந்தது. உன் பேரன் சஞ்சய் காவிரியில் புஷ்ய மண்டபத் துறையில் இறங்கி அக்கரை வரை போய்வருகிறான், அவனைப் போய்க் காசு கட்டித் தஞ்சாவூர் ஸ்டேடியம் குளத்துக்கு எதற்கு அனுப்புவது என்று உன் பிள்ளை கேட்கிறான். "நாமெல்லாம் யாருக்கு ஃபீஸ் கட்டிப் பழகினோம்?" என்று நீயும் அவனோடு சேர்ந்துகொண்டாய்.

அனுப்பு என்பதுதான் என் பதில். காரணத்தைப் பேசி அனுப்பினால் பாதியில் அணைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே பெண்ணும் மாப்பிள்ளையும் வேலையிலிருந்து வர இருட்டிவிடுகிறது. அதனால் யாழினியையும் நிதினையும் நீச்சலுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. இந்த ஊரில் ஒரே வளாகத்துக்குள் நூலகம், உணவங்காடி, நடுவே கால்பந்துத் திடல் எல்லாம் வைத்து, நீச்சல் குளத்தை மாடியில் கட்டியிருக்கிறார்கள். முதல் நாள் லிஃப்டில் ஏறிக் குளிக்கப் போகிறோமே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. பணக்காரர் கிளப் இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரு பக்கம் என் வயசுக்காரர்கள் முட்டி வலிக்குத் தண்ணீருக்குள் நடக்கிறார்கள், இன்னொரு பக்கம் பிள்ளைகள் வகுப்பு. இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள். பாதி வகுப்பு போய்விட்டதே என்று எந்தப் பெற்றோர் கத்தினாலும் எடுபடாது.

இங்கே பிள்ளைகளுக்கு ஸ்விம்சேஃபர் என்று ஒரு பயிற்சித் திட்டம். 2010ல் கொண்டுவந்தார்கள். மொத்தம் ஆறு நிலை. முதல் மூன்றுக்கு எண், அதற்கு மேல் வெண்கலம், வெள்ளி, தங்கம். தொடக்கப் பள்ளியிலிருந்தே பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டிப்போய்ச் சொல்லித்தருகிறார்கள். எவ்வளவு வேகமாக நீந்துகிறான் என்பது அதில் ஒரு பகுதிதான். நீச்சல் உடைக்கு மேலே டீ-ஷர்ட்டும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கச் சொல்கிறார்கள். ஏன் என்று கோச் அம்மாவைக் கேட்டேன். "தவறி விழுகிற பிள்ளை நீச்சல் உடையிலா விழும்?" என்றாள். சீனத்தி, தொண்டை எப்போதும் கரகரப்பு, பெற்றோர் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

நிதினுக்கு அவள் மிதக்கக் கற்றுக்கொடுத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பயத்தில் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். தலை மேலே வரவர இடுப்பு கீழே போகிறது. பின்மண்டைக்குக் கீழே ஒரு கையை மட்டும் கொடுத்து, "காது நனையட்டும், மோவாயைத் தூக்கு, வயிற்றை வானத்துக்குக் காட்டு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் தோள் தளர்ந்தது, கை தானாக விரிந்தது. அவள் கையை எடுத்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

சஞ்சய்க்கு இது தெரியுமா, கேட்டுப் பார். அக்கரை போகத் தெரிந்த பையனுக்கு நடு ஆற்றில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும். மல்லாந்து மிதந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இழுப்பில் மாட்டினால் எதிர்த்து நீந்தித் தவிக்காமல், காலைப் போக்குத் திசையில் நீட்டி மிதந்து, சாய்வாகக் கரை பக்கம் ஒதுங்கலாம். நாம் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு காலடித்துப் பழகினோம். மல்லாக்க நீச்சல், உள்நீச்சல் எல்லாம் வந்தது. ஆனால் களைத்துப்போனால் என்ன செய்வது என்று யார் நமக்குச் சொன்னார்கள்?

ஆறும் பழைய ஆறு இல்லை. நம் காலத்தில் எந்தத் துறையில் எங்கே நிலைக்கும், எங்கே நிலைக்காது என்று ஊருக்கே தெரியும். இப்போது மணல் அள்ளின இடமெல்லாம் பள்ளம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் மேலே பார்க்க ஒரே மட்டமாகத்தான் இருக்கும். முழங்கால் அளவில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த எட்டில் ஆள் மூழ்கும் ஆழத்தில் இருப்பான். ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் பேப்பரில் என்ன செய்தி வருகிறது என்று உனக்குத் தெரியாததா?

அந்தச் செய்திகளில் ஒன்று கவனித்திருப்பாய். மூழ்கியவன் ஒருவன் என்றால் காப்பாற்றப் போனவர் இருவர் என்று இருக்கும். தம்பிக்காக அண்ணன், பெண்ணுக்காக அம்மா. மூழ்குகிறவன் கையில் கிடைத்தவரைப் பிடித்து அமுக்கித்தான் மேலே வரப் பார்ப்பான். பெற்ற தாய் என்றுகூட அந்த நேரத்தில் தெரியாது. அதனால் இங்கே பிள்ளைகளுக்குக் கரையிலிருந்தே காப்பாற்றப் பழக்குகிறார்கள். போன வாரம் யாழினி வகுப்பில் அதுதான். கயிறு கட்டின மிதவையை ஆளுக்கு நேராக எறியக் கூடாது, தலையைத் தாண்டி எறிந்து, கயிறு தோளில் விழுகிறாற்போல் இழுக்க வேண்டும். எறிந்ததும் தரையில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும், நின்றுகொண்டு இழுத்தால் நாமும் உள்ளே போவோம். மிதவை இல்லாவிட்டால் மூங்கில் கழி, துண்டு, வேட்டி, மூடி இறுக்கின காலி தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் குடம், எது கிடைத்தாலும் சரி. நம் படித்துறையில் இதில் எதற்குப் பஞ்சம்?

இன்னொன்று, மூழ்குவது சத்தமே இல்லாமல் நடக்கும். சினிமாவில் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்துவார்கள். நிஜத்தில் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வருவதும் போவதுமாக இருக்கும், மூச்சு வாங்கவே அவகாசம் இல்லாதபோது எங்கே கத்துவது? கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறுகிறாற்போல் கை தண்ணீரை அமுக்கும், அவ்வளவுதான். ஒரு நிமிஷத்துக்குள் ஆள் உள்ளே போய்விடலாம். உயிர்காப்பாளர் உயர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக நாம் போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இங்கேயும் அப்படிச் சில அப்பாமார்கள் உண்டு. பிள்ளை கையில் காற்றடைத்த பையை மாட்டிவிட்டு யூடியூபில் மூழ்கிவிடுவார்கள். அந்தப் பை விளையாட்டுச் சாமான், கழன்றாலும் கழலும், காற்று போனாலும் போகும். சின்னது தண்ணீரில் இருந்தால் பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

உலகத்தில் 2021ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அதுகளுக்கு நீச்சல் வகுப்பெல்லாம் பேச்சே இல்லை, கண்காணிப்புதான் முக்கிய வழி. பங்களாதேஷில் வீட்டுக்கு வீடு குட்டை. அம்மா அடுப்படியில் இருக்கிற காலை நேரத்தில்தான் நிறையக் குழந்தைகள் விழுகின்றன என்று கண்டுபிடித்து, ஊருக்குள்ளேயே காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் வைத்தார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. உன் கொல்லைத் தொட்டிக்கு மூடி போடச் சொல்லி எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்! சின்னவள் தவழ ஆரம்பித்துவிட்டாள் என்றாயே, இந்த வாரமே ஆசாரியைக் கூப்பிடு.

தஞ்சாவூரில் சேர்க்கும்போது உன் பிள்ளை சும்மா பணம் கட்டிவிட்டு வராமல் நாலு கேள்வி கேட்கட்டும். ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள்? வகுப்பு நேரத்தில் கரையில் தனியாக ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பாரா? எவ்வளவு ஆழம் என்று சுவரில் எழுதியிருக்கிறதா? மிதக்கச் சொல்லித்தருவார்களா, இல்லை கையைக் காலை அடிக்க மட்டுமா? பன்னிரண்டு நாளில் நீச்சல் வீரன் ஆகிவிடுவான் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆழத்தைப் பார்த்து இறங்குகிற புத்தி வந்தாலே கட்டின காசுக்குச் சரி. மூச்சைப் பிடித்து யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்ற போட்டிக்கும் தடை போடு. வேக வேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்கினால் உள்ளேயே நினைவு தப்பிவிடும். நல்ல நீச்சல்காரனுக்கும் நடக்கும்.

கடைசியாக ஒன்று, சங்கடமான பேச்சுதான். யாரையாவது தூக்கி வெளியே போட்டால் நம்மூரில் வயிற்றை அமுக்குவார்கள், தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவார்கள். வேண்டவே வேண்டாம். வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும், இன்னொருவர் 108க்குப் போன் போட வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பொம்மையில் அழுத்திப் பழக வேண்டும். உன் மகளிர் குழுவில் ஆஸ்பத்திரி ஆளை வரவழைத்து ஒரு நாள் ஏற்பாடு செய்யேன். கோலப்போட்டிக்கு எல்லாரையும் திரட்டத் தெரிந்தவள்தானே நீ?

யாழினி அடுத்த மாதம் வெண்கல நிலைத் தேர்வு எழுதுகிறாள். எழுதுகிறாள் என்று கை தானாக வந்துவிட்டது, நீந்துகிறாள் என்று படி. என் முட்டி பரவாயில்லை. நானும் தண்ணீரில் நடக்கிற கோஷ்டியில் சேர்ந்துவிட்டேன். முழங்கால் வரை நீளும் கறுப்பு நீச்சல் உடையில் என்னைப் பார்த்தால் நீ கேலி பண்ணியே கொன்றுவிடுவாய், அதனால் போட்டோ கிடையாது.

ஆடிக்கு முன்னால் வருகிறேன். மாவடு கிடைத்தால் போட்டு வை, உப்பு குறைத்து. டாக்டர் உத்தரவு. ஸ்டேடியத்தில் இடம் கிடைத்ததா என்று மட்டும் சீக்கிரம் சொல்லு.

அன்புடன்,
விஜயா