சந்திரயான்-4 திரும்பும்போது அந்த ஒளியை அளந்துவிடுங்கள்

சந்திரயான்-4 திட்டக் குழுவினருக்கு வணக்கம்.

நிலவு மண்ணோடு திரும்பும் உங்கள் சிறு கலம் நொடிக்குச் சுமார் 11 கி.மீ. வேகத்தில் வளிமண்டலத்துக்குள் பாயும். 2007-இல் இஸ்ரோவின் மீட்புக் கலமான எஸ்.ஆர்.இ.-1 பூமியின் சுற்றுப்பாதையிலிருந்துதான் இறங்கியது. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. இந்த இரு வேகங்களுக்கும் இடையிலுள்ள அந்த 3 கி.மீ. பற்றியே இந்த மடல்.

8 கி.மீ. வேகத்தில் கலத்தின் வெப்பக் கவசத்தைச் சுடுவது பெரும்பாலும் அதைத் தொட்டு ஓடும் சூடான காற்று. 11-ஐ எட்டினால் இன்னொரு சூடும் சேர்கிறது. கலத்தின் முன்னால் நிற்கும் அதிர்வலையை, அதாவது காற்று திடீரென அழுந்தும் மெல்லிய அடுக்கைத் தாண்டியதும் காற்று 10,000 கெல்வினை ஒட்டிக் கொதிக்கிறது; நைட்ரஜனும் ஆக்சிஜனும் அணுக்களாக உடைந்து தாமே ஒளிர்கின்றன. அந்த ஒளியும் கவசத்தைச் சுடும். கலத்தின் முகப்பை அகலமாக்கினால் தொட்டுச் சுடும் வெப்பம் குறையும், ஒளியின் சூடோ கூடும்.

உங்கள் கலம் சிறியது, ஒளியின் பங்கும் குறைவாகவே இருக்கும். ஆனால் 2040-இல் இந்தியர் நிலவுக்குப் போய்வர வேண்டுமென்கிறோம். அவர்களைச் சுமக்கும் பெரிய முகப்புக்கு நம் கைவசம் என்ன அளவீடு இருக்கும்?

நாசா இதற்கென்றே கலம் அனுப்பியது. 1965 மே 22 அன்று ஃபயர்-2 நொடிக்கு 11.35 கி.மீ. வேகத்தில் நுழைந்தது. கவசங்களை ஒவ்வொன்றாக உதறி, மூன்று முறை புதிய முகம் காட்டி அளந்தது. இந்த வெப்பத்துக்குக் கணினி மாதிரி எழுதுவோர் இன்றும் அந்த எண்களோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நாசாவின் ஏம்ஸ் மையத்தில், ஆய்வகத்திலேயே அதிர்வலையை எழுப்பும் குழாயில் இதே ஒளியை உண்டாக்கலாம்தான்; கிடைப்பது சில மைக்ரோநொடிகள், கரிந்து ஆவியாகும் கவசமும் அங்கே இல்லை. அந்த ஆவி எவ்வளவு முக்கியம் என்பதை 1995-இல் வியாழனுக்குள் இறங்கிய கலிலியோ கலம் காட்டியது. கவசத்தின் நடுப்பகுதி கணித்ததைவிடக் குறைவாகத் தேய்ந்தது, விளிம்பை ஒட்டிய தோள்பகுதி அதிகமாகத் தேய்ந்தது.

தரையிலிருந்தோ விமானத்திலிருந்தோ பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஆற்றலில் கணிசமான பங்கு தொலைப் புற ஊதாவில் வருகிறது. இடையிலுள்ள காற்று அதை விழுங்கிவிடும். குவார்ட்ஸ் சன்னலும் அதன் பெரும்பகுதியைத் தடுக்கும். அதனால் சன்னல் வழியே ஒளியை அளக்கும் ஒரு ரேடியோமீட்டரோடு, கவசத்துக்குள் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள்களும் வேண்டும். சன்னல் காணாததை மொத்த வெப்பத்திலிருந்து கணித்தெடுக்கலாம்.

ஒவ்வொரு கிராமுக்கும் நீங்கள் கணக்குப் பார்ப்பது தெரியும். இருந்தும் கேட்கிறேன். அளந்ததை நம் பல்கலைக்கழகங்களுக்கும் திறந்துவிடுங்கள். கலத்தைச் சூழும் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற சூடான வாயு) வானொலித் தொடர்பை அறுப்பதும் அதே நிமிடங்களில்தான். அதனால் தரவு முழுவதையும் கலத்துக்குள்ளேயே பதிந்து வையுங்கள்.

அன்புடன்,
வெப்பப் பாய்வியல் படித்த ஒரு வாசகர்